முகப்பா, பின்கட்டா, சந்தா? பெரிய வீட்டுக்குள் சக்கர நாற்காலி போக ஆறு வழிகள்

செட்டிநாட்டில் இருக்கிற எங்கள் பெரிய வீட்டில், போன படைப்புக்கு (பங்காளிகள் கூடி முன்னோர்களுக்குப் படைக்கிற விசேஷம்) பெரியத்தாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினோம். மூன்றாவது படியில், பின்னால் பிடித்திருந்த எனக்கு வேட்டி தடுக்கியது. நாற்காலி ஒரு பக்கம் சாய, பெரியத்தா திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டார். அடி ஒன்றுமில்லை. ஆனால் அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போக வேண்டுமென்றால் மறுபடி தூக்குவார்கள் என்ற பயம். இது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அதே நாளில் அண்ணன் மகன் காரைவிட்டு இறங்கவே இல்லை. பைக் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறான். சென்னையில் தனியாக ஆபீஸ் போகிறான், தனியாகச் சமைக்கிறான். "வாடா, நாங்க நாலு பேரு இருக்கோம், தூக்கிடுறோம்" என்று கூப்பிட்டேன். "நாலு பேரு தூக்குறது கடைசியில ஒரு தடவை போதும் சித்தப்பா" என்றான். தட்டில் சாப்பாடு வாங்கிக்கொண்டு போய்க் காரிலேயே கொடுத்தோம்.

அடுத்த படைப்பு மாசியில். அதற்குள் ஒரு வழி செய்வது என்று பங்காளிகள் பேசி, 'நீதான் ஊர்ப்பக்கம் இருக்கிறவன், அளந்து பார்த்துச் சொல்' என்று என் தலையில் கட்டினார்கள். எங்கள் வீட்டுக்கு 42 புள்ளி, அதாவது கல்யாணமான 42 குடும்பம்; 42 அபிப்பிராயம். கட்டினால் செலவு புள்ளிக்கு இவ்வளவு என்று பிரிய வேண்டும் என்பதால் அபிப்பிராயங்களுக்கு வலு ஜாஸ்தி. மூன்று வாரம் டேப்பும் கையுமாக அலைந்ததில் தேறிய கணக்கு கீழே. இதே மாதிரி வீட்டை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருக்கிற மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவலாம்.

முதலில் ஒரே ஒரு கணக்கு தெரிந்துகொண்டால் போதும்; பாதி யோசனைகள் தானாகவே விழுந்துவிடும். சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு அதிகபட்சச் சரிவு 1:12 என்பது நம் நாட்டு வழிகாட்டுதல்களில் இருக்கிறது. கொத்தனார் பாஷையில் சொன்னால், ஓர் அங்குலம் ஏற ஓரடி நீளம். எங்கள் முகப்புக்கு ஆறு படி, படிக்கு ஆறு அங்குலம், ஆக மொத்தம் 36 அங்குலம். சாய்தளம் 36 அடி நீளம் வர வேண்டும். இது அதிகபட்சம்தான். உயரம் கூடக் கூட இன்னும் படுக்கையாக வைக்கச் சொல்கிறார்கள். நடுவில் மூச்சு விட ஐந்தடிச் சமதளம், மேலே ஒன்று, கீழே ஒன்று. இதைச் சொன்னதும் கொத்தனார் தெருவைத் திரும்பிப் பார்த்தார். "எதிர்வீட்டுத் திண்ணையிலதான் ஆரம்பிக்கணும் போல" என்றார்.

இவ்வளவு உயரத்தில் ஏன் கட்டினார்கள் என்று முன்னோர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டு போனதால் வந்தவர்கள் நாம், அதனால்தான் தரைமட்டத்தை இப்படி ஏற்றிக் கட்டினோம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது எப்படியோ, ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடும்போதும் உள்ளே பட்டாலைக் கூடம் ஈரமாகாமல் இருப்பதற்கு இந்த மூன்றடிதான் காரணம். ஆக, படியைக் குறைக்கிற பேச்சே கிடையாது.

தூக்குவதும் மடக்குப் பலகையும்

தூக்குவதைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். செலவில்லை என்பார்கள். தூக்குகிறவர்களின் இடுப்பும் செலவில் சேர்த்தி. நாங்கள் நாலு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். இன்னும் பத்து வருஷத்தில் எங்களைத் தூக்க ஆள் வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கிற பங்காளி ஒருவர் அலுமினியம் மடக்கு ராம்ப் படம் அனுப்பினார். பெட்டி மாதிரி மடித்துக் காரில் வைத்துக்கொள்ளலாம், சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம், அடுத்த ஊர்ச் சத்திரத்துக்கும் கொண்டுபோகலாம். எட்டடிப் பலகை. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: எட்டடிப் பலகை எட்டு அங்குலம்தான் ஏற்றும். 36 அங்குலத்துக்கு அதைச் சாய்த்து வைத்தால் ராம்ப் இல்லை, ஏணி. பின்னாலிருந்து தள்ளுகிறவர் கால் வழுக்கினால் இரண்டு பேரும் தெருவில்.

ஆனாலும் அதை நான் ஒதுக்கவில்லை. வீட்டுக்குள்ளே இருக்கிற நிலைப்படிகளுக்கு அதுதான் மருந்து. நம் வீடுகளில் பெரிய நிலையின் அடிக்கட்டை நாலு அங்குலம் நிற்கும். வளவு (நடுமுற்றமும் சுற்றுத் தளமும்) வாசலில் ஒன்று, இரண்டாம் கட்டுக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று. நிலைப்படியை அறுக்க எந்த ஆசாரியும் கை வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. இரண்டு பக்கமும் நாலடிப் பலகைச் சரிவு வைத்து, விசேஷம் முடிந்ததும் எடுத்துப் பரணில் போட்டுவிடலாம். எங்கள் ஆசாரி பழைய தேக்குச் சட்டத்திலேயே செய்து தருகிறேன் என்கிறார். மேலே சொரசொரப்புக்கு வரி வரியாகக் கீறிவிடுவாராம்.

நிலை என்றதும் இன்னொரு விஷயம். எங்கள் பெரிய கதவு இரட்டைக் கதவு. வழக்கமாக ஒற்றைக் கதவைத்தான் திறந்து வைப்போம். மற்றதற்குத் தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கும். ஒற்றைக் கதவு திறந்தால் வழி 24 அங்குலம். சக்கர நாற்காலிக்குக் குறைந்தது 26, 27 வேண்டும். வழிகாட்டுதல் 900 மில்லிமீட்டர் கேட்கிறது, அதாவது கிட்டத்தட்ட மூன்றடி. இரண்டாவது கதவின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, அரை மணி நேரத்தில் திறந்தது. வழி நாலடி ஆகிவிட்டது. மூன்று வாரத்தில் நான் செய்த வேலைகளிலேயே பலன் அதிகம், செலவு பூஜ்யம்.

முகப்பில் நேராக ஒரு சாய்தளம்

பங்காளிகளில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். 'கௌரவமாக முன்வாசல் வழியாகப் போகட்டும்.' எண்ணம் நல்லதுதான். ஆனால் 36 அடிச் சாய்தளத்தை நேராக விட்டால் தெருவில் போய் நிற்கும். தெரு நம்முடையதில்லை. சாமி புறப்பாடு வருகிற வழி வேறு. நேராக விடாமல் மடித்து மடித்து விட்டால் திண்ணையின் முன்புறம் முழுக்க மறைந்து, முகப்பு ஏதோ ஆஸ்பத்திரி வாசல் மாதிரி ஆகிவிடும். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறியதிலிருந்து, வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்லவில்லை. நாமே ஒவ்வொரு தடவையும் தெருமுனையில் திரும்பும்போது பார்க்கிற முகம் அது.

சில கல்யாண மண்டபங்களில் பார்த்திருப்பீர்கள், சட்டத்துக்குப் பயந்து நாலடி நீளத்தில் ஒரு சிமென்ட் சறுக்கல் போட்டிருப்பார்கள். அது சாய்தளமில்லை, சறுக்குமரம். மேலே ஒரு பூந்தொட்டியும் வைத்திருப்பார்கள். முகப்பில் இடமில்லாமல் இடம் பண்ணினால் நமக்கும் அதுதான் வாய்க்கும்.

இந்த யோசனையை நான் கைவிட்டது அழகுக்காக மட்டுமில்லை. சுண்ணாம்புச் சுவரோடு சிமென்டை ஒட்டினால் சுவர் மூச்சு விட முடியாது. ஈரம் உள்ளே தங்கி, இரண்டு மழைக்காலத்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். பக்கத்துத் தெருவில் இப்படி உதிர்ந்த ஒரு முகப்பைக் காட்ட முடியும். அந்தப் பூச்சை மறுபடி போடக் கை தெரிந்தவர்கள் இன்று எத்தனை பேர்?

லிப்ட் மேடை

இரண்டு மருமகப்பிள்ளைகள் இன்ஜினியர்கள். அவர்கள் ஓட்டு லிப்ட் மேடைக்கு. மூன்றுக்கு நாலடி இடம் போதும். நாற்காலியோடு ஏறி நின்று பட்டனை அழுத்தினால் மூன்றடி தூக்கித் திண்ணையில் விட்டுவிடும். பள்ளம் அதிகம் தோண்ட வேண்டாம், பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் இறங்கலாம். யாருடைய உதவியும் இல்லாமல் அண்ணன் மகன் தானே ஏறி வருவான். வேறு எந்த வழியிலும் இல்லாத சௌகரியம் இது, ஒத்துக்கொள்கிறேன்.

நம் வீட்டுக்கு இது பொருந்தாததற்குக் காரணம் லிப்ட் இல்லை, வீடு. வருஷத்தில் 350 நாள் பூட்டிக் கிடக்கிற வீடு. வாட்ச்மேன் காலையில் வந்து வாசல் தெளித்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். பூட்டிய வீட்டில் எது ஓடும்? அணில் ஓடும், எலி ஓடும். போன வருஷம் இன்வெர்ட்டர் வயரையே கடித்து வைத்திருந்தன. படைப்புக்கு முதல் நாள் ராத்திரி லிப்ட் ஓடவில்லையென்றால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஆள் வர வேண்டும். அதற்குள் படைத்து முடிந்து பந்தியும் எழுந்துவிடும். மறுபடி நாலு பேர், மறுபடி பிளாஸ்டிக் நாற்காலி.

விலையும் லட்சங்களில். அதைவிட வருஷா வருஷம் பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. 42 புள்ளியிடம் ஒரு தடவை வசூல் செய்வது வேறு, வருஷம் தவறாமல் வசூல் செய்வது வேறு. புள்ளி வரி எழுதி வசூல் செய்கிற பங்காளியைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்.

வருஷம் முழுக்க ஆள் இருக்கிற இடங்களுக்கு, அதாவது வீட்டை ஹோட்டலாக மாற்றியவர்களுக்கும் நகர விடுதிகளுக்கும், இந்த லிப்டைத் தயங்காமல் சொல்வேன். தினமும் ஓடுகிற இயந்திரத்துக்கு வியாதி குறைவு.

பின்கட்டு

நம் வீடுகளின் பெரிய வசதி, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று ஒரே நேர்கோட்டில் போகும். முன்வாசல் நிலையில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். பின்தெரு கொஞ்சம் மேடு. பின்வாசலில் மட்டக்குழாய் பிடித்துப் பார்த்தோம். உயரம் 14 அங்குலம்தான். 14 அடிச் சாய்தளம் போதும், பின் முற்றத்துக்குள்ளேயே அடங்கும், ஒருவர் கண்ணிலும் படாது. கொத்தனாருக்கு நாலு நாள் வேலை. காசும் மிகக் குறைவு.

இத்தனை சாதகமிருந்தும் பங்காளிகளிடம் இதைச் சொன்னபோது சண்டை வந்தது. பின்வாசல் வழியாக யார் வருவார்கள்? பால்காரர், விறகு, சமையல் பாத்திரம். "நம்ம பிள்ளையை அந்த வழியா வரச் சொல்றதா?" என்று ஓர் ஆச்சி போனிலேயே அழுதுவிட்டார்.

சரி, சம்பந்தப்பட்டவர்களையே கேட்டுவிடலாம் என்று பெரியத்தா வீட்டுக்குப் போனேன். நான் எதிர்பார்த்துப் போனது வேறு. வந்த பதில் வேறு. "பின்கட்டுன்னா நல்லதுதானேப்பா. நான் வாக்கப்பட்டு வந்து நாப்பது வருஷம் அங்கதான கெடந்தேன். அடுப்படிப் பக்கம் கொண்டாந்து விட்டீகன்னா பானையப் பாத்துக்கிட்டு, பிள்ளைகளோட பேசிக்கிட்டு இருப்பேன். முகப்புல போயி ஆம்பளைக பேசுறதையா கேக்கப் போறேன்?" பெரியத்தாவுக்காக வருத்தப்பட்டவர்கள் யாரும் பெரியத்தாவைக் கேட்கவில்லை.

அண்ணன் மகனிடம் கேட்டேன். அவன் பதிலும் தெளிவு. "எல்லாரும் பின்பக்கமா வந்தா நானும் வர்றேன் சித்தப்பா. எனக்கு மட்டும்னா வேண்டாம்."

'எல்லோருக்குமான வடிவமைப்பு' என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவர் ரொனால்ட் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். சிறுவயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். தனியாக ஒருத்தருக்கென்று ஒட்டுப்போடுவதில்லை, எல்லோரும் போகிற வழியே எல்லோருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அண்ணன் மகன் அவரைப் படித்திருக்கிறானா தெரியாது. சொன்னது அதையேதான்.

பின்கட்டில் வேறு சிக்கல்களும் உண்டு. விசேஷ நாளில் அங்கே தரை எப்போதும் ஈரம். ஆட்டுக்கல் பக்கத்தில் ஒரு சாக்கடைத் திறப்பு, நாற்காலியின் முன்சக்கரம் மாட்டுகிற அகலத்தில். பின்வாசலிலிருந்து படைக்கிற இடத்துக்கு வர மூன்று நிலைப்படி. எல்லாம் சரிசெய்யக்கூடியவைதான், ஆனால் கணக்கில் வைக்க வேண்டும்.

சந்து

ஆறாவது வழி என் மூளையில் உதித்ததில்லை. வீட்டின் தெற்கே, பழைய வண்டிக் கொட்டகைக்கும் சுவருக்கும் நடுவே பதினோரு அடிச் சந்து ஒன்று இருக்கிறது. முள்ளும் ஓட்டுத் துண்டும் மண்டிக் கிடந்தது. கொத்தனாரின் கையாள் ஒருவர் வெயிலுக்கு அங்கே ஒதுங்கி நின்றவர், "இப்படியே மேல ஏத்திக்கிட்டே போயி அந்தக் கம்பியத் தெறந்தா திண்ணைதானுங்களே" என்றார்.

அளந்தோம். சந்து பின்தெருவில் தொடங்கி முகப்புத் திண்ணையின் பக்கவாட்டில் போய் முட்டுகிறது. 140 அடி. பின்தெரு மேடாக இருப்பதால் ஏற வேண்டிய உயரம் 36 இல்லை, 30 அங்குலம்தான். ஓர் அங்குலத்துக்கு ஓரடி என்றால் 30 அடி போதும். நம்மிடம் 140 இருக்கிறது! கஞ்சத்தனமே வேண்டாம் என்று 1:20 வைத்துப் பார்த்தோம்: 50 அடி, நடுவிலும் முடிவிலும் சமதளம் சேர்த்து 60. 1:20 என்பது கண்ணுக்குச் சரிவாகவே தெரியாது, நடைபாதை மாதிரிதான். தானே சக்கரத்தைச் சுற்றுகிறவனுக்குத் தோள் வலிக்காது, பிள்ளைகள் ஓடலாம், பந்திச் சாமான் வண்டியை ஒற்றை ஆள் தள்ளலாம். உண்மையில் அந்தப் பாதையில் முதலில் போகப்போவது கேஸ் சிலிண்டர்தான்.

காரைப் பின்தெருவில் நிறுத்தி, சந்து வழியாக வந்து, திண்ணையில் ஏறி, எல்லோரையும் போலப் பெரிய கதவு வழியாக உள்ளே போகலாம். கார் நிறுத்த முன்தெருவில் இடமில்லாததால் விசேஷ நாளில் பாதிப் பேர் எப்படியும் பின்தெருவில்தான் நிறுத்துகிறார்கள். அவர்களும் இப்படியே வந்துவிடுவார்கள். அண்ணன் மகன் கேட்ட 'எல்லாரும்' இங்கே தானாக நடக்கிறது.

இதிலும் விலை உண்டு. திண்ணையின் தெற்கு ஓரத்தில் இருக்கிற வார்ப்பிரும்புக் கிராதியில் ஒரு பகுதியைக் கழற்ற வேண்டும். வெட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். திருகைக் கழற்றி, அதையே கீல் வைத்துக் கதவாக்கினால், நாளைக்கு வேண்டாம் என்றாலும் பழையபடி மாட்டலாம். பாதையைச் சுவரிலிருந்து அரையடி தள்ளியே போட வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குக் காற்று வேண்டும். வளவுத் தண்ணீர் வெளியேறுகிற இரண்டு தூம்பு இந்தச் சந்தில்தான் திறக்கின்றன. நிரப்பும் மண்ணுக்கு அடியில் அவற்றுக்குக் குழாய் விடாவிட்டால், கார்த்திகையில் வளவு தெப்பக்குளம் ஆகிவிடும். ஓரத்துக்குச் செம்புறாங்கல், நடுவே செம்மண்ணும் சரளையும் இடித்து, மேலே கொத்திய கருங்கல் பலகை.

ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமே, வீட்டோடு ஒத்துப்போகுமே என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடியின் மேல் சாயக் கலவையை ஊற்றி வார்க்கிறார்கள். அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. தேங்காய் எண்ணெய் துடைத்துத் துடைத்து நாளாக ஆக இன்னும் மெருகேறும். கூடத்துக்கு அழகு. மழையில் நனைகிற சரிவுக்கு எமன்.

செலவு, கொத்தனார் எழுதிக் கொடுத்தபடி, லிப்டுக்குக் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. பின்கட்டைப் போல நாலு மடங்கு. பராமரிப்பு என்று பார்த்தால் வருஷம் ஒரு தடவை முள் வெட்ட வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா வீட்டுக்கும் சந்து இருக்காது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்தான் அதிகம். சந்து இல்லாதவர்களுக்கு என் சிபாரிசு பின்கட்டுதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: விசேஷ நாளில் வரவேற்பையே பின்பக்கம் மாற்றுங்கள். பன்னீரும் சந்தனமும் அங்கே வைத்து, வாழைமரத்தையும் அங்கேயே கட்டுங்கள். எது முன், எது பின் என்பது வாழைமரம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்ததுதானே.

சக்கரத்துக்கு வெளியே இருப்பவர்கள்

இத்தனை பேச்சும் சக்கரத்தைப் பற்றியே போய்விட்டது. சின்ன ஐயாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. அவருக்கு 60 அடிப் பாதையால் ஒரு லாபமுமில்லை, ஆறு படிதான் கிட்டம். முழங்கால் வலிக்காரர்கள் பலரும் அப்படித்தான், நீளமாக நடப்பதைவிடப் பிடித்துக்கொண்டு ஏறுவது அவர்களுக்குச் சுலபம். ஆனால் எங்கள் படியில் பிடிக்க ஒன்றுமில்லை. கறுப்புக் கல், காலை வெயிலில் பளபளக்கும், எந்தப் படி எங்கே முடிகிறது என்று எனக்கே சமயத்தில் தெரியாது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பட்டை, இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய். குழாயைக் குழியில் செருகி எடுக்கிற மாதிரி வைத்தால் மற்ற நாளில் முகப்பு பழையபடி இருக்கும். ஆறில் எந்த வழியைத் தேர்ந்தாலும் இது கட்டாயம்.

வளவுக்குள்ளும் அவருக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. திறந்த முற்றம் சுற்றுத் தளத்தைவிட ஓரடி தாழ்வு. பூக்கோலம் போட்ட கல்லில் விளிம்பு கலந்துவிடும். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம், தூணுக்குத் தூண் நடுவே பழைய பித்தளை அண்டாக்களை வைப்பது. அலங்காரம் என்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள்; எடுக்கட்டும்.

அப்புறம் பாத்ரூம். பெரியத்தா தண்ணீர் குடிக்காமல் இருந்த நாளை நினைத்தால் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். உள்ளே போக வழி செய்துவிட்டு பாத்ரூமுக்கு வழி இல்லையென்றால், அது அரை மணி நேரத்துக்கான வரவேற்பு. இருக்கிறதெல்லாம் பின்முற்றத்தில், படியேறி, இரண்டடிக் கதவுக்குள், கீழே உட்காருகிற வகை. புதிதாக ஒன்று வேண்டும்: மூன்றடிக் கதவு, வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம், மேல்நாட்டு வகை, பக்கத்தில் பிடி. அதற்கு ஓர் அறை வேண்டும். அறை என்றால் ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்குச் சொந்தம். இரண்டாம் கட்டில் தோதான அறை ஒன்று இருக்கிறது. அதன் சாவி கோலாலம்பூரில் இருக்கிறது. உரியவர் போனை எடுத்து, "நல்ல காரியம்தான், ஆனா தம்பியக் கேக்கணும்" என்றார். தம்பி மெல்போர்னில்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீல் பங்காளி ஒருவர் கேட்டார். சொந்த வீட்டை யாரும் வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடலாம் என்று இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுமக்களுக்குச் சேவை தருகிற தனியாரையும் சேர்த்தே பேசுகிறது. பழைய பொதுக் கட்டடங்களுக்கு விதிகள் வந்த 2017இலிருந்து ஐந்து வருஷம் கெடு கொடுத்திருந்தார்கள், அது எப்போதோ முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமான விதிகள் வேண்டும் என்று சொல்லி, மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. ஆகவே வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் இப்போதே சேர்த்துச் செய்துவிடுவது லாபம். பிறகு தனியாக இடித்துக் கட்டினால் செலவு இரட்டிப்பு.

என் சிபாரிசு, புள்ளி எத்தனை எதிர்த்தாலும்: சந்துப் பாதை, அதோடு பின்கட்டில் அந்த 14 அடிச் சரிவும். இரண்டும் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும். பெரியத்தாவுக்கு அடுப்படி, அண்ணன் மகனுக்குத் திண்ணை. ஒரே வகை நாற்காலியில் இருக்கிறார்கள் என்பதற்காக இரண்டு பேரும் ஒரே வாசலில் வர ஆசைப்பட வேண்டுமா? பணம் பற்றாக்குறை என்றால் பின்கட்டுச் சரிவு, படிக் கைப்பிடி, பாத்ரூம் மூன்றையும் இந்த வருஷம் முடித்துவிட்டு, சந்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம். மூன்றில் பாத்ரூமை மட்டும் தள்ள விடமாட்டேன். மெல்போர்ன் தம்பி மறுத்தால் எங்கள் அறையைக் கொடுக்கிறேன். அதில் இருப்பது அப்பச்சியின் இரும்புப் பெட்டியும் நாலு ஜாடியும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தில் முள்ளை வெட்டி, பாதை வருகிற இடத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டினோம். அண்ணன் மகன் பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்து இறங்கி நேரே அங்கே வந்தான். மண்ணை இடித்துச் சமப்படுத்தியிருந்ததால் நாற்காலி ஓடியது. கோட்டுக்குள்ளேயே போனான், நடுச் சமதளம் வருகிற இடத்தில் நின்று ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பார்த்தான், கிராதி வரை போனான். பிறகு வந்த வழியே திரும்பி வந்து கையாளைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க ஒரு ஓடு மண்ணுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. பெரியத்தா வர்றதுக்குள்ள எடுத்துடுங்க."